பிசினஸ் கிளாஸ் பயணிக்கு வானத்தில் இணையம் இலவசமாகத் தர வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து அலுவலக வேலையாக அடிக்கடி சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் பறக்கிறவர். பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், வைஃபைக்குத் தனியாக கிரெடிட் கார்டு எண் கேட்கிறது. சாப்பாடு, படுக்கை, லவுஞ்ச் எல்லாம் டிக்கெட்டோடு வரும்போது இதற்கு மட்டும் ஏன் காசு, உயர் வகுப்புப் பயணிக்காவது இலவசமாகத் தர வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று விலை பற்றியது: அந்தக் கட்டணத்தைத் தனியாக வாங்குவது முறையா? இன்னொன்று பங்கீடு பற்றியது: ஒரு விமானத்துக்கு வருகிற ஒரே இணைப்பில் யாருக்கு எவ்வளவு? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதுக்குப் பதில் சொன்னால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அநியாயம் ஆகிவிடும்.

நான் விமான மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளராக மீனம்பாக்கத்திலும் பிறகு வளைகுடாவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரேடியோ, நேவிகேஷன் என்று தொடங்கி, கடைசி வருடங்களில் கேபின் வைஃபை கருவிகள் வரை கைபட்டிருக்கின்றன. விமான நிறுவனமும் செயற்கைக்கோள் நிறுவனமும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத் தொகை ஹேங்கரில் வேலை பார்ப்பவர் கண்ணில் படாது. அதனால் கருவிகளைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். காசுக் கணக்கில் பொதுவெளியில் தெரிந்ததை வைத்து என் கருத்தைச் சொல்வேன். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயர் வகுப்பு டிக்கெட்டில் இணையக் கட்டணம் சேர்ந்தே இருக்க வேண்டும்; தனியாகக் கேட்பது சின்னத்தனம். ஆனால் கொள்ளளவு குறைந்த பழைய வகை செயற்கைக்கோள் இணைப்பு உள்ள விமானங்களில் அதை அளவில்லாமல் தரக் கூடாது. அதற்கும் முன்னால், வாட்ஸ்அப் மாதிரி எழுத்துச் செய்தி அனுப்பும் வசதி விமானத்தில் இருக்கும் எல்லோருக்கும் காசில்லாமல் கிடைக்க வேண்டும். வரிசை இதுதான்: முதலில் எல்லோருக்கும் செய்தி, அப்புறம் முன்வரிசைக்கு இணையம். ஏன் இந்த வரிசை என்பதைச் சொல்லக் கருவியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டெர்மினல் கண்ணாடி வழியாகப் பக்கத்தில் நிற்கும் பெரிய விமானத்தைப் பாருங்கள். முதுகில், பெரும்பாலும் நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி, நீளவாக்கில் ஒரு வெள்ளைப் புடைப்பு தெரியும். அதற்கு ரேடோம் என்று பெயர். ரேடியோ அலை தடையில்லாமல் போய் வர வேண்டும் என்பதால் உலோகத்தில் செய்யாமல் கண்ணாடி இழை மாதிரியான பொருளில் செய்திருப்பார்கள். மின்னல் தாக்கினால் மின்சாரத்தை விமானத்தின் உடலுக்குக் கடத்திவிட, மேலே மெல்லிய உலோகப் பட்டைகள் ஒட்டியிருக்கும். திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், உள்ளே ஒரு சுழல்மேடை, அதன்மேல் அகலமான, உயரம் குறைந்த ஆன்டெனா. விமானம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற தகவல் விமானத்தின் சொந்தக் கருவிகளிலிருந்து நொடிக்குப் பல தடவை வந்துகொண்டே இருக்கும். விமானம் இடது பக்கம் திரும்பினால் மோட்டார் ஆன்டெனாவை வலது பக்கம் திருப்பும்; கண் செயற்கைக்கோளை விட்டு நகரக் கூடாது. கேபிள் உள்ளே இறங்குவதற்காக விமானத்தின் தோலில் துளை போட வேண்டியிருக்கிறது. அழுத்தம் தாங்க வேண்டிய உடம்பு அது. துளையைச் சுற்றி வலுத்தகடு வைத்து, ரிவெட் அடித்து, சீலன்ட் பூசி, சோதித்து, அதற்கென்று தனி அனுமதிச் சான்றிதழ் வாங்கி, அப்புறம்தான் பறக்க விடுவார்கள். அந்த நாட்களில் விமானம் சம்பாதிக்காமல் நிற்கும். பறக்கத் தொடங்கிய பிறகு அந்தப் புடைப்பு காற்றை எதிர்ப்பதால் எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

கேபினுக்குள் கதை எளிது. மேற்கூரைப் பலகைகளுக்குப் பின்னால் சில வரிசைக்கு ஒன்றாக வைஃபை பெட்டிகள். எல்லாம் ஒரு சர்வரில் போய்ச் சேரும், அங்கிருந்து ஒரு மோடம், அங்கிருந்து அந்த ஒரே ஆன்டெனா. முதல் வரிசைக்கு ஒரு மோடம், கடைசி வரிசைக்கு இன்னொன்று என்றெல்லாம் கிடையாது. அகலமான இருக்கையை முன்னால் கொடுத்தால் பின்னால் இருப்பவருடைய இருக்கை அதற்கப்புறம் சுருங்கப் போவதில்லை, விமானத்தை வடிவமைத்த அன்றே அது முடிந்துபோன விஷயம். இணையம் அப்படி இல்லை. முன்னால் ஒருவர் படம் பார்க்கத் தொடங்கும் அந்த நிமிடத்திலேயே பின்னால் ஒருவருடைய மெயில் திறக்க மறுக்கும். சாப்பாட்டையும் படுக்கையையும் இணையத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் 316 இருக்கைகள். பிசினஸ் கிளாஸ் 28, பிரீமியம் எகானமி 24, மீதி 264 எகானமி. பழைய வகை செயற்கைக்கோள் இணைப்பில் இந்த அளவு விமானம் ஒன்றுக்கு 50 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 50 மெகாபிட் வேகம், கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், எந்த நிறுவனத்தின் எண்ணும் அல்ல. சுமாரான தெளிவில் ஒரு படம் பார்க்க ஒருவருக்கு 3 எம்பிபிஎஸ் வேண்டும். பிசினஸ் கிளாஸ் 28 பேரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் 84 எம்பிபிஎஸ். முன்வரிசைக்கே போதவில்லை, காசு கட்டி இணைப்பு வாங்கிய எகானமி பயணிக்கு என்ன மிச்சம்? அதே 50 எம்பிபிஎஸ்ஸில் 316 பேரும் எழுத்துச் செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் மோடம் அதை உணரவே உணராது. ஒரு செய்தி சில கிலோபைட், ஒரு மணி நேரப் படம் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். இரண்டுக்கும் இடையே லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

தூரமும் ஒரு பிரச்சினை. பழைய வகைச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. நீங்கள் ஒரு சுட்டியைத் தட்டினால் அந்தக் கோரிக்கை மேலே போய், கீழே தரைநிலையத்துக்கு இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். ஒளியின் வேகத்திலேயே இதற்கு அரை நொடி பிடிக்கும். நடைமுறையில் அதற்கும் மேல். ஒரு சாதாரண இணையப் பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும் என்பதால், வேகம் இருந்தாலும் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அலுவலக வலைக்குள் பாதுகாப்பாக நுழைய விபிஎன் என்ற வசதியைப் போட்டு வேலை செய்பவர்கள், ஐடி நிறுவனங்கள் நிறைந்த சென்னையின் ஓஎம்ஆர் சாலையில் நிறையப் பேர். விமானத்தில் அவர்களுக்கு வருகிற எரிச்சலில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தால்தான். இதை இலவசமாகக் கொடுத்தாலும் தாமதம் குறையாது.

சென்னையிலிருந்து கிழக்கே பறப்பவர்களுக்கு இன்னொரு தொழில்நுட்பத் தொல்லை உண்டு, வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. காற்று எதிர்ப்பைக் குறைக்க ஆன்டெனாவை அகலமாகவும் குட்டையாகவும் செய்கிறார்கள் என்றேன். அதனால் அதிலிருந்து கிளம்பும் அலையின் கற்றை, டார்ச் வெளிச்சம் மாதிரி வட்டமாக இல்லாமல், ஒரு திசையில் மெல்லியதாகவும் இன்னொரு திசையில் பருமனாகவும் இருக்கும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து பார்த்தால் செயற்கைக்கோள்கள் தெற்கு வானில் பெரும்பாலும் கிடைவரிசையில் தெரியும், மெல்லிய பக்கம் அந்த வரிசையோடு ஒத்துப்போகும், தொந்தரவு இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், செயற்கைக்கோள் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக இருந்தால், அதே வரிசை செங்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. அப்போது கற்றையின் பருமனான பக்கம் பக்கத்துச் செயற்கைக்கோள்மீது விழும். அவர்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்பதால் ஆன்டெனா தன் சக்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும், சில கோணங்களில் அனுப்புவதையே நிறுத்த வேண்டும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. வங்காள விரிகுடாவுக்கு மேலே இணைப்பு திடீரென்று சோர்ந்துபோனால் காரணம் இதுவாக இருக்கலாம். புது வகை ஆன்டெனாக்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். விமான இணையத்துக்குப் பயணியிடம் காசு வாங்கிப் பிழைத்துவிடலாம் என்று முதலில் பெரிய அளவில் நம்பியது போயிங். கனெக்ஷன் பை போயிங் என்ற சேவை 2004-ல் லுஃப்தான்சா விமானத்தில் தொடங்கியது. நீண்ட பயணத்துக்கு ஏறக்குறைய 30 டாலர். தொழில்நுட்பம் வேலை செய்தது, பயன்படுத்தியவர்கள் பாராட்டினார்கள், ஆனால் வாங்கியவர்கள் போதவில்லை. 2006 முடிவில் மூடிவிட்டார்கள். அடுத்து 2008-ல் அமெரிக்காவில் கோகோ வந்தது. செயற்கைக்கோள் இல்லாமல் தரையிலுள்ள கோபுரங்களிலிருந்து மேல்நோக்கி அலை அனுப்பும் முறை. தொடக்கத்தில் ஒரு விமானம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 3 எம்பிபிஎஸ்தான். அங்கேயும் பத்துப் பேரில் ஒருவர்கூடக் காசு கட்டி வாங்கவில்லை. குறுகிய குழாய் மாதிரியான அந்த இணைப்பில் எல்லோரும் வாங்கியிருந்தால் யாருக்குமே வேலை செய்திருக்காது. ஆகவே அந்தக் காலத்தில் கட்டணம் வருமானத்துக்காக மட்டும் இருக்கவில்லை, கூட்டத்தைத் தடுத்து வைக்கும் கதவாகவும் இருந்தது. இன்றைக்கும் சில விமானங்களில் கட்டணம் இருப்பதற்கு இது ஒரு நேர்மையான காரணம்.

மெகாபைட் கணக்கில் விற்ற நாட்களும் இருந்தன, அது மோசமான காலம். 2014-ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் பறந்த ஒரு பயணிக்கு, மெயில் பார்த்து சில கோப்புகளை அனுப்பியதற்கு 1,100 டாலருக்கு மேல் பில் வந்தது உலகம் முழுக்கச் செய்தியானது. பின்னணியில் போன் தானாகச் செய்யும் வேலைகளுக்கும் சேர்த்து மீட்டர் ஓடும் முறையை நான் எந்த வகுப்புக்கும் ஏற்க மாட்டேன். பயணிக்குத் தன் போன் எவ்வளவு தின்கிறது என்று தெரிய வழியே இல்லாத இடத்தில் மெகாபைட் கணக்கில் விற்பது தவறு.

இப்போது உயர் வகுப்புக்கு வருகிறேன். சில லட்சம் ரூபாய் டிக்கெட் வாங்கியவரிடம் இருபது, முப்பது டாலர் தனியாகக் கேட்பதில் விமான நிறுவனத்துக்குக் கிடைப்பது சொற்பம், இழப்பது நல்லெண்ணம். ஆன்டெனா, பொருத்தும் வேலை, எரிபொருள், அலைவரிசைக் குத்தகை எல்லாம் பயணி இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் ஆகிற செலவு. அந்தச் செலவின் ஒரு பங்கை முன்வரிசை டிக்கெட் விலையிலேயே வைத்துவிடலாம், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஓட்டல்களில் இது ஏற்கெனவே நடந்து முடிந்தது. எழும்பூரில் சாதாரண லாட்ஜில் வைஃபை பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், பெரிய நட்சத்திர ஓட்டல்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வாங்கின. அறை வாடகையை அலுவலகம் கட்டும், வைஃபையையும் அதுவே கட்டும் என்ற துணிச்சல். வாடிக்கையாளர்கள் சலித்துப்போனதும் அந்தக் கட்டணம் தானாக மறைந்தது. விமானத்திலும் அதே கணக்குதான் ஓடுகிறது. ஆனால் அலுவலகம் கட்டுகிறது என்பதால் பயணிக்கு வலிக்காது என்று நினைப்பது தவறு. வைஃபைக்கான ரசீதைத் தேடிப் பிடித்து, கிளைம் போட்டு, கணக்குத் துறை அது பயணச் செலவில் வராது என்று திருப்பி அனுப்பி, அதற்கு மறுபடி மேலாளரிடம் கையெழுத்து வாங்குவது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பெரிய நிறுவனங்கள் இந்த முடிவுக்கு வந்துவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலையிலிருந்து பிசினஸ் கிளாஸுக்கும் அதற்கு மேலுள்ள வகுப்புகளுக்கும் இலவசமாகத் தருகிறது. எகானமியிலும், கிரிஸ்ஃப்ளையர் என்ற அவர்களுடைய பயணிகள் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் இலவசம். உறுப்பினராவதற்குக் காசு கிடையாது. அமெரிக்காவில் ஜெட்புளூ 2017-லேயே தன் எல்லா விமானங்களிலும் எல்லோருக்கும் இலவசமாக்கியது. டெல்டா 2023 பிப்ரவரியில் உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலானவற்றில் உறுப்பினர்களுக்குத் திறந்துவிட்டது. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில், ஸ்டார்லிங்க் என்ற புது வகை செயற்கைக்கோள் இணையம் பொருத்திய தன் முதல் 777 விமானத்தைப் பறக்கவிட்டு, வகுப்பு பார்க்காமல் எல்லோருக்கும் இலவசம் என்றது. இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். முன்வரிசைக்கு மட்டும் என்று யாரும் அங்கேயே நின்றுவிடவில்லை. குழாய் பெரிதாகப் பெரிதாகப் பின்வரிசைக்கும் திறந்துகொண்டே போகிறார்கள். பதிலுக்கு அவர்கள் வாங்கிக்கொள்வது உங்கள் மெயில் முகவரியையும் பயண விவரத்தையும். உறுப்பினர் எண் கேட்பது அதற்குத்தான். அது ஒரு விலை என்பது தெரிந்தே கொடுங்கள்.

இனி நான் ஏன் செய்தி வசதியை முதலில் வைக்கிறேன் என்பது. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானத்தில் பின்பக்கம் நடந்து பாருங்கள். குவைத்துக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்கு உதவ மகள் வீட்டுக்கு முதல் தடவையாகத் தனியே பறக்கும் அம்மாக்கள், இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கவலைப்படுகிறவர்கள் இவர்கள்தான். பிசினஸ் கிளாஸ் பயணிக்கு நிறுவனமே கைகொடுக்கும், தரையில் ஆள் காத்திருப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் ஓடுதளத்தில் தண்ணீர் நின்று சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். வந்துகொண்டிருந்த விமானங்களில் பல பெங்களூருக்குத் திருப்பிவிடப்பட்டன. அப்படி ஒரு நாளில் வானத்தில் இருப்பவர், நான் பத்திரமாக இருக்கிறேன், பெங்களூரில் இறக்குகிறார்கள், வெள்ளத்தில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பாதீர்கள் என்று வீட்டுக்கு ஒரு வரி அனுப்ப முடிந்தால் அதன் மதிப்பே வேறு. அதற்கு ஆகும் அலைவரிசை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இதை ஒரு வகுப்புக்கு மட்டும் என்று பூட்டிவைக்க எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. பெரிய நிறுவனங்கள் சில ஏற்கெனவே எழுத்துச் செய்தியை எல்லா உறுப்பினருக்கும் திறந்துவிட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதில் ஒன்று.

முன்வரிசைக்கு உண்மையில் வேண்டியது, அளவில்லாத இணையத்தைவிட, தடைபடாத இணையம். இதைச் செய்ய சர்வரில் வழி இருக்கிறது. மெயிலுக்கும் அலுவலக வேலைக்கும் முன்னுரிமை, படத்துக்கும் பெரிய டவுன்லோடுக்கும் கடைசி இடம், ஒருவருக்கு இவ்வளவுதான் உச்ச வேகம் என்று விதி எழுதிவைக்கலாம். குழாய் குறுகலாக உள்ள விமானத்தில், பிசினஸ் கிளாஸுக்கு மெயில், விபிஎன், சாதாரண இணையம் டிக்கெட்டோடு சேர்த்து. படம் ஓட்டுவது யாருக்கும் இல்லை. முன்னால் பெரிய திரையில் நூற்றுக்கணக்கான படங்கள் விமானத்துக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும்போது செயற்கைக்கோள் வழியாக இன்னொரு படத்தை இழுக்க வேண்டிய தேவை என்ன? காசு கட்டிய எகானமி பயணிக்கும் அதே முன்னுரிமை தர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அவர் கட்டிய காசுக்கு மெசேஜ்கூடப் போகாத அளவுக்கு முன்வரிசையின் இலவசம் அமுக்கிவிட்டால், அந்த இலவசத்துக்கு விலை கொடுத்தவர் அவர்தான்.

இந்தியாவின் நிலைமை கொஞ்சம் வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜனவரியில் பரிந்துரை கொடுத்து, அந்த வருட டிசம்பரில் விமான இணையத்துக்கான விதிகள் வந்தன. இந்திய வான்பரப்பில் 3,000 மீட்டருக்கு மேல்தான் சேவை தரலாம். 2024 நவம்பரில் வந்த திருத்தத்தில், அந்த உயரத்தைத் தாண்டினால் மட்டும் போதாது, மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று விமானத்தில் அறிவித்த பிறகுதான் வைஃபை என்று தெளிவுபடுத்தினார்கள். 2025 ஜனவரி 1 அன்று ஏர் இந்தியா ஏ350, 787-9, சில ஏ321நியோ விமானங்களில் உள்நாட்டுப் பாதைகளிலும் வைஃபையை அறிமுகச் சலுகையாக இலவசம் என்று தொடங்கியது. இருந்தாலும் சென்னையிலிருந்து கிளம்பும் பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் இணையமே இல்லை. வைஃபை என்று போனில் காட்டினாலும் பல நேரம் அது விமானத்துக்குள் இருக்கும் சர்வரிலிருந்து படமும் பாட்டும் தருகிற உள் வலை மட்டும்தான். வெளியுலகத்தோடு தொடர்பு இருக்காது. சென்னை–பெங்களூர் மாதிரி பயணத்தில் 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் நேரம் அரை மணி தேறினால் அதிகம். அதற்குள் லாகின் பக்கம் திறந்து, ஓடிபி வாங்க முடியாமல் தவித்து, இறங்கத் தொடங்கிவிடும். அங்கே இலவசமா கட்டணமா என்ற விவாதத்துக்கே வேலை இல்லை. டெல்லி, கொல்கத்தா, அந்தமான், வெளிநாடு என்று வரும்போதுதான் கேள்வி உயிர் பெறுகிறது.

குழாய் பெரிதாகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இஸ்ரோவின் ஜிசாட்-என்2, 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 ராக்கெட்டில் ஏவப்பட்டது. 4,700 கிலோ எடை, மொத்தக் கொள்ளளவு 48 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 48 ஆயிரம் மெகாபிட். விமான இணையமும் அதன் நோக்கங்களில் ஒன்று. அதைவிடப் பெரிய மாற்றம், சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றும் ஸ்டார்லிங்க் மாதிரியான செயற்கைக்கோள்கள். தூரம் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடுவதால் அந்த அரை நொடித் தாமதம் காணாமல் போகிறது. ஆன்டெனாவும் சுழல்மேடை இல்லாத தட்டைப் பலகை; மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, எண்ணெய் போட வேண்டியதில்லை. பராமரிப்புக்காரன் கண்ணோட்டத்தில் அது பெரிய நிம்மதி. எல்லா விமானமும் அதற்கு மாறி, ஒரே வானத்தில் நூறு விமானம் சேர்ந்து இழுக்கும்போதும் இன்றைய வேகம் நிலைக்குமா என்பது சந்தேகத்துக்குரியது. டில்லி, துபாய் மாதிரி நெரிசலான வான்பகுதிகளில்தான் அது சோதிக்கப்படும். எல்லோருக்கும் இலவசம் என்று இன்று அறிவிக்கிற நிறுவனங்கள், போட்டி குறைந்த பிறகும் அப்படியே தொடருமா என்பதும் வியாபாரத்தின் கையில். தொடர வேண்டும் என்பது என் ஆசை. தொடரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கேள்வியின் பின்னூட்டத்தில் ஒருவர், பயணிகள் வைஃபை வழியாக விமானத்தின் கட்டுப்பாட்டுக்குள் நுழைந்துவிட முடியாதா என்று பயந்திருந்தார். பயணிகள் வலையும் விமானத்தை ஓட்டும் கருவிகளின் வலையும் வடிவமைப்பிலேயே தனித்தனி. சான்றிதழ் தரும்போது இந்தப் பிரிவினையைக் கறாராகப் பார்க்கிறார்கள். அந்தப் பயத்தால் இணையத்தை மறுக்க வேண்டியதில்லை. பேச்சு அழைப்பு வேறு விஷயம். அலைவரிசை தாராளமாக இருந்தாலும் வீடியோ காலில் சத்தமாகப் பேச எந்த வகுப்பிலும் அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் உரிமை இருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் வகையைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தில், ஒரே பாதையில், ஒரு விமானத்தில் இணையம் இருக்கும், மறுநாள் விமானத்தில் இருக்காது. அந்த நிறுவனத்தின் உறுப்பினர் எண்ணை முன்பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். ஏறிய பிறகு சேர்த்தால் பல நேரம் சர்வர் ஏற்றுக்கொள்ளாது. பாஸ்வேர்டைத் தரையிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேலே ஓடிபி வராது. போனை ஏரோபிளேன் மோடில் வைத்துவிட்டு வைஃபையை மட்டும் திறங்கள். சில விமானங்களில் வைஃபை தவிர தனியாக மொபைல் சிக்னலும் இருக்கும்; பேக் போடாமல் ரோமிங் திறந்திருந்தால் அதில் போன் தானாக ஒட்டிக்கொண்டு பில் ஏறும். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் விமானத்துக்கென்று தனி பேக் இருக்கிறது. ஏர்டெல் 2024-ல் 195 ரூபாயில் தொடங்கியது, 250 எம்பிக்கு. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதையும், போட்டோக்கள் மேகச் சேமிப்புக்குத் தானாக ஏறுவதையும் கிளம்பும் முன் நிறுத்திவிடுங்கள். உங்களுக்கும் வேகம் கிடைக்கும், பின்னால் இருப்பவருக்கும் கிடைக்கும். காசு கட்டியும் இணைப்பு கிடைக்கவில்லை என்றால், பிழைச் செய்தி தெரியும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கியதும் விமான எண், இருக்கை எண்ணோடு விமான நிறுவனத்துக்கும் இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் சேர்த்தே எழுதுங்கள். எந்த நேரத்தில் இணைப்பு விழுந்தது, எழுந்தது என்ற பதிவு சர்வரில் இருக்கும், பார்த்துச் சரிபார்த்துப் பணத்தைத் திருப்பித் தர முடியும்.